திக்கித் திணறும் நாயனத்துக்கும் சன்னதியில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சாயரட்சை என்னும் மாலைப் பூசைக்கு வாசித்துவந்த நாகஸ்வரத்தை நிறுத்திவிட்டு, சென்ற கார்த்திகையில் மோட்டாரில் ஓடும் மேளமணி இயந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். வாசித்துவந்தவர்கள் வித்வான்கள் அல்லர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் நாகஸ்வரம், அவனுடைய பெரியப்பா மகன் தவில், அவர்கள் வர இயலாத நாட்களில் நான். "ஆளை வைத்து அபஸ்வரம் கேட்பதைவிட இயந்திரமே மேல்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் காரணம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் காரணத்தை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. பல ஊர்களில் இதே காரணம் சொல்லப்படுவதால் இதைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். இசைக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். 41ஆம் வயதில் பக்கத்து ஊர் வித்வான் ஒருவரிடம் நாகஸ்வரம் கற்கத் தொடங்கினேன். 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் ஒரு ராகத்தைப் பத்து நிமிடம் ஆலாபனை செய்ய என்னால் ஆகாது. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள நுட்பமான ஏற்ற இறக்கங்களையெல்லாம் விரலைச் சற்றே விலக்கியும், மூச்சை அடக்கியும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும்தான் வரவழைக்க வேண்டும். சிறுவயதிலேயே பழகியவர்களுக்கு உதடு அதற்கு இசைந்து கொடுக்கிறது. எனக்கோ, ஆரம்பப் பாடமான சரளி வரிசையைப் பழகும் மாயாமாளவகௌளை ராகத்திலேயே ரிஷப ஸ்வரம் ஒரு நாள் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும், மறுநாள் மேலே ஏறிவிடும்.

இது முழுதாகத் தீராது என்பது என் குருநாதருக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் அதை மறைக்கவும் இல்லை. "மூச்சு கொஞ்சம் பிடிபடும் வாத்தியாரே. மத்தது வந்தா வரும், வராமலும் போகும். சாதகத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். வராமல் போகக்கூடியதற்கு எதற்காகச் சாதகம் (அன்றாடப் பயிற்சி) என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஒலிப்பதிவில் இளவயது முதல் கேட்டு வருபவன் நான். நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. ஒரு நாள் விடியற்காலையில் ஒரே ஸ்வரத்தில் நீண்ட கார்வை பிடித்துப் பழகிக் களைத்துவிட்டு, மாலையில் அதே தோடியைக் கேட்டபோது, அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று என்னையறியாமல் தேடத் தொடங்கினேன். ஒரு நீண்ட பிடியில் அந்த இடமே அகப்படவில்லை. காந்தார ஸ்வரத்தை அவர் அசைக்கும் அசைவு எவ்வளவு கட்டுப்பாட்டிலிருந்து பிறக்கிறது என்பதை, அன்று காலை என் உதட்டில் மிஞ்சியிருந்த வலியை வைத்து ஓரளவு உணர முடிந்தது. அந்தத் தோடியை நான் உண்மையாகக் கேட்டது அன்றுதான். என் வாசிப்பு அப்படியேதான் இருந்தது. கேட்கும் காது மாறிவிட்டிருந்தது.

இப்படிப்பட்ட காதுகள் ஊர் முழுக்க இருந்ததால்தான் இந்தக் காவிரிக் கரையில் நாகஸ்வரம் அவ்வளவு உயரம் போயிற்று என்று நம்புகிறேன். கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரியோடு சுவாமி புறப்பட்டு, வீதி முனையில் நின்று, ராக ஆலாபனை நள்ளிரவு தாண்டியும் நீளும் திருவிழாக்களை என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம். தெருவில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்டவர்களில் பெரும்பாலானோர் பெரிய இசை ரசிகர்கள் அல்லர். தங்கள் ஊர்க் கோயிலில் நாள்தோறும் சுமாரான வாசிப்பைக் கேட்டுப் பழகியவர்கள், சிலர் தாமே சிறிது வாசிக்கவும் தெரிந்தவர்கள். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த ராஜரத்தினம் பிள்ளை அப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் வாசித்தார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி சுத்த மத்யமம் என்னும் ஸ்வரம் சரியாகப் பேசும், நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தார். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். பழைய ஆச்சா மரத்தில் செய்யும் அந்தக் கருவியைப் பெரிய வித்வான்கள் மட்டும் வாங்கினால் பட்டறைகள் எத்தனை நாள் ஓடும்? கற்றுக்கொள்பவர்களும், கற்று முடிக்காமலே வாசித்துக்கொண்டிருப்பவர்களும் வாங்க வேண்டும். அவர்கள் வாசிக்க ஓர் இடம் வேண்டும்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும்போது, பந்தலின் ஓரத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே முணுமுணுப்பவர்களை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

நம் வீடுகளிலும் இதே கணக்கு நுழைந்துவிட்டது. பள்ளிப் போட்டியில் பரிசு வராவிட்டால் மறுமாதமே பாட்டு வகுப்பை நிறுத்திவிடுகிறோம். நான் சொல்லும் பையனின் தாயாரும், பத்தாம் வகுப்பு வருகிறது, இவன் என்ன பெரிய வித்வானாகவா வரப்போகிறான் என்று கவலைப்படுகிறார். வராமல் போகலாம். ஆனால் அவன் சீவாளியை எச்சிலில் நனைத்து, கண்ணை மூடி, ஜண்டை வரிசைப் பயிற்சியை மூன்று கால வேகத்திலும் வாசிப்பதைப் பார்த்தவர்கள் அவனை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் காலத்தில் விரல் தடுமாறும். உடனே நிறுத்தி, தவில்காரப் பையனைப் பார்ப்பான். அவன் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான். மறுபடி முதல் காலத்திலிருந்து தொடங்குவார்கள். ஆறு மாதங்களுக்கு முன் இரண்டாம் காலமே அவனுக்கு வராது.

இயந்திரம் தவறு செய்வதில்லை என்பது உண்மைதான். மார்கழி விடியலுக்கும் ஐப்பசி மழை மாலைக்கும் அது ஒரே ஓசையைத்தான் எழுப்பும். காலையில் பூபாள ராகமும் இரவில் நீலாம்பரி ராகமும் கேட்ட சன்னதியில், பொழுதைக் காட்டிக் கொடுக்கும் ஒலியே இப்போது இல்லை.

டெல்டா மாவட்டங்களின் கோயில் நிர்வாகிகளையும் அறநிலையத் துறையினரையும் நான் கேட்டுக்கொள்வது சிறிய உதவிதான். வித்வான்களை நியமிக்க வருவாய் இல்லாத கோயில்களில், உள்ளூரில் கற்றுக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், அவர்களுடைய தரத்தைச் சோதிக்காமல் சாயரட்சையில் அரை மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளையும் விடுமுறை நாட்களில் தங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்க அழையுங்கள். எங்கள் ஊர்ப் பையன் இப்போது வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து சாதகம் செய்கிறான். அந்த அரை மணி நேரம் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்து வைத்தால் போதும். நாகஸ்வரமும் தவிலும் அவர்கள் வீட்டிலிருந்தே வந்துவிடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குத்தாலம் அருகில்