கல்லில் எண்ணிக்கை மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் உலகப் போருக்கு (பலகைகளில் '1914-1919' என்றிருக்கும்) ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று சொல்லும் பளிங்குப் பலகைகள் தமிழகக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. பெயர்கள் இல்லை. அதே போரில் மாண்டவர்களுக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவிடத்திலும் இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான். இது பெரிய அநீதி. போரில் மாண்டவர்களின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையப் பதிவில் மாண்டவர்களின் பெயரும், பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் கிடைக்கும். மதுரை மாவட்டத்தை 'மதுரா' (Madura) என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தேனி, திண்டுக்கல் ஊர்களும் அதற்குள்தான். சிவகங்கைப் பக்கம் என்றால் 'ராம்நாடு' (Ramnad).

பலகைக்கு வெள்ளையடித்தால் எழுத்துப் பள்ளம் தூர்ந்துவிடும். ஆசிட் ஊற்றினால் பளிங்கே கரையும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். சாய்வெயிலில் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். மதுரை மாவட்ட நிர்வாகம் இவற்றை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, பக்கத்திலேயே மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கிய பலகை வைக்க வேண்டும்.

- வாசகர், திருமங்கலம்