தண்ணிக்கு அடியில எது ஆபத்து?

ஆசிரியருக்கு வணக்கம்,

நீர்மூழ்கி கப்பல்ல பொண்ணுங்க வேலை பாக்குறாங்கன்னு பேச்சு வந்தாலே "ஐயோ ஆபத்தாச்சே"ன்னு ஒரு குரல் வந்துடுது. கடல் ஆம்பள பொம்பள பாக்காதுங்க. 2017 நவம்பர்ல அர்ஜென்டினாவோட சான் ஹுவான் நீர்மூழ்கி முழுகி 44 பேர் போயிட்டாங்க, அதுல எலியானா கிராவ்சிக்கும் ஒருத்தர், அந்த நாட்டோட முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி, காத்து இழுக்குற குழாய் வழியா கடல் தண்ணி புகுந்து பேட்டரியில ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னு கப்பல்ல இருந்து தகவல் அனுப்புனாங்க, அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு 900 மீட்டர் ஆழத்துல தான் கப்பலே கெடச்சுது.

பிரிட்டன்ல, நீர்மூழ்கிக்கு உள்ள இருக்குற காத்துல கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தி, வயித்துல இருக்குற குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்லியே 2011 வரைக்கும் பொண்ணுங்களுக்கு தடை. நார்வே 1985லயே பொண்ணுங்கள அனுமதிச்சுடுச்சு, 1995ல சோல்வெய்க் கிரே கேப்டனாவே ஆயிட்டாங்க!

எனக்கு பயம் வேற. அமெரிக்காவோட வயோமிங் நீர்மூழ்கியில பெண் அதிகாரிங்க குளிக்கிற எடத்துல உடை மாத்துறத, கூட வேலை பாக்குறவங்களே ஒளிஞ்சு வீடியோ எடுத்தது 2014ல வெளிய வந்துச்சு. மாசக்கணக்கா அடைச்ச இரும்புக் குழாய்க்குள்ள, எறங்கி போக வழியில்லாம, தெனமும் மொகம் பாக்குறவன் மேலயே புகார் குடுக்கணும். அதுக்கு என்ன ஏற்பாடுன்னு யாராவது கேளுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி