பால்குடம் மட்டும் போதாது, அம்மா

அம்மா,

இந்தத் தைப்பூசத்திலும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பால்குடத்தோடு ஏறினாய். முட்டி வலியை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. இறங்கி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், முடியவில்லை. என் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க நாள் வாங்கிவிட்டேன்.

சின்ன வயதில் நிணநீர்ப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டு கழிவறையில் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து நான் கத்தியது நினைவிருக்கிறதா? ஓடி வந்து, "ஒண்ணுமில்ல பாப்பா, சிராப் பாண்டோங் குடிச்சல்ல, அந்தக் கலருதான்" என்றாய். நான் பாண்டோங் குடிக்கவே இல்லை. குழாயில் சிவப்பாக இறங்கிய மருந்தை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நம்பினேன். முதுகைத் தடவிக்கொண்டே நீ சுவரைப் பார்த்து நின்றாய். அவ்வளவு அழகாகப் பொய் சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும்.

அந்த மருந்து டாக்ஸோரூபிசின். நிணநீர்க் கட்டியைக் கரைத்ததும் அதுதான், பல வருடம் கழித்து இதயத் தசையைத் தளர்த்தக் கூடியதும் அதுதான். மூச்சு வாங்கும்வரை வெளியே தெரியாது, எக்கோவில் முன்பே தெரியலாம். மொத்தமாக ஏறியது உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தொட்டிருந்தால் ஆபத்து அதிகம். நெஞ்சில் வாங்கிய கதிர்வீச்சு வேறு. அது 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் என்றால், மார்பகப் புற்றுநோய் வந்தால் முன்பே கண்டுபிடிக்க, 25 வயதிலிருந்தோ கதிர்வீச்சு முடிந்த 8 வருடத்திலிருந்தோ, எது பிந்தியதோ அப்போது தொடங்கி, வருடாவருடம் மார்பக எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு 29 ஆகிறது. ஒன்றுகூட எடுத்ததில்லை.

என் கணக்கு எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. பழைய பதிவு இல்லை என்கிறார்கள். என் ஆஸ்பத்திரி ஃபைலை நீ என்ன செய்தாய் என்பதை இங்கே எழுதவில்லை, சித்தி படிப்பாள். பெண் பார்க்க வந்த வீட்டுக் கதையும் வேண்டாம்.

மன்னித்துவிடு, ஊரறிய எழுதுகிறேன். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க விட்டிருந்தால் இங்கே வந்திருப்பேனா? உன்னைக் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன்தான். "குணமாயிடுச்சு" என்று நீ சாமிக்கு நன்றி சொன்ன ஒவ்வொரு வருடமும் எனக்கு வாயை மூடிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. வார்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஊசி போட்ட நாட்களையெல்லாம் நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பாய். அது எங்காவது இருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அழுவாய், எனக்கு ஒன்றும் புரியாது.