அரை வசனம் வேண்டாம், முழுவதையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல் காலத்தில் "கீதையை மேற்கோள் காட்டிப் பேசினார்", "பைபிள் வசனத்தைக் கூறி வாக்குச் சேகரித்தார்" என்று செய்திகள் வருகின்றன. அத்தோடு முடிந்தும் விடுகின்றன. அந்த வசனம் எது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எந்த நாளிதழும் எழுதிப் பார்த்ததில்லை. என் குறை அதுதான்.

சென்ற தேர்தலில் கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டிக்கு (படுகர் கிராமத்தை அப்படித்தான் சொல்வோம்) ஒரு பேச்சாளர் வந்தார். பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை எப்போது கிடைக்கும் என்று கேட்டோம். நீலகிரியின் சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வி. இலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருக்கிறவர்கள் நாங்கள்; உரம், கவாத்து, பறிகூலி எல்லாம் அதற்கு முன்பே கையைவிட்டுப் போயிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று பகவானே சொல்லியிருக்கிறாரே" என்றார். கைதட்டல் எழுந்தது. கேள்வி அங்கேயே படுத்துவிட்டது. பகவானை எதிர்த்து யார் எழுந்து பேசுவது?

அவர் சொன்னது கீதையின் இரண்டாம் அத்தியாயம், 47ஆவது சுலோகம். அதன் கடைசிப் பாதம், செயலற்றுக் கிடப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்கிறது. பதவியில் இருந்துகொண்டு கோப்பை நகர்த்தாதவர்களுக்கென்றே சொல்லிவைத்ததுபோல் இருக்கும் அந்தப் பகுதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. தவிர, அந்த உபதேசம் போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்ட அரசகுமாரனுக்கு. பறிகூலி கொடுக்கக் கடன் வாங்குகிறவனிடம் அதைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

எந்த மதத்து வேதமும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜெஃப் செஷன்ஸ், எல்லை தாண்டி வந்த பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த நடவடிக்கைக்கு 2018 ஜூனில் துணைக்கு அழைத்தது பைபிளில் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி அது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கும் அதையே முட்டுக்கொடுத்தார்கள். அதே அதிகாரத்தின் பத்தாம் வசனம், "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது" என்கிறது. அதுவரை படிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

குர்ஆனுக்கு நேர்வது வேறு மாதிரி. அதைப் பெரும்பாலும் எதிரணியினர்தான் வெட்டுகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தை மட்டும் உருவி, "பாருங்கள், கொல்லச் சொல்கிறது" என்று பரப்புவார்கள். இணைவைப்பவர்களில், அதாவது இறைவனோடு வேறு தெய்வங்களையும் சேர்த்து வணங்குபவர்களில், ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சொல்லும் ஆறாம் வசனம் காணாமல் போய்விடும். (திருக்குறள் படும் பாட்டைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

சாத்தான் வேதம் ஓதுகிறது என்று நாம் சொல்வோம். பைபிளில் மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் அது உண்மையாகவே ஓதுகிறது. ஆலயத்து உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டுவதற்கு பைபிளின் துதிப்பாடல்களில் ஒன்றான 91ஆம் சங்கீதத்தைச் சொல்கிறது. அதிலும், "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற சொற்களை விட்டுவிட்டுத்தான் சொல்கிறது. நம் பேச்சாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆவது பிரிவு: தெய்வ கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று வாக்காளரை நம்பவைப்பதும், மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் எங்கள் ஹட்டிக்கு வந்தவர் அந்தச் சுலோகத்தைச் சொல்லி வாக்குக் கேட்கவில்லை, சாபமும் இடவில்லை. கேட்டவன் வாயை மட்டும் அடைத்தார். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

"காந்தி கீதையைப் பேசவில்லையா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பேசினார். கீதை முழுவதையும் குஜராத்தியில் மொழிபெயர்த்து, தாம் எப்படிப் பொருள் கொள்கிறார் என்பதையும் எழுதிவைத்தார். மறுக்க விரும்பியவர்கள் புத்தகத்தைத் திறந்து மறுக்கலாம், மறுத்தும் இருக்கிறார்கள். பிரசார வேனின் மேலிருந்து அரை வரியைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவரிடம் அந்த வசதி கிடையாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சிக்காரர் எந்த வேதத்தைச் சொன்னாலும், அந்த வசனம் முழுவதையும், முன்பின் வரும் வரிகளையும், யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும் செய்திக்குக் கீழே நான்கு வரியில் போடுங்கள். உங்கள் சார்பில் கருத்து எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு உதகையிலேயே குருக்களும் பாதிரியாரும் இமாமும் இருக்கிறார்கள். நிருபருக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள்தான் செலவு. வசனம் வருவதற்கு முன் மக்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தைப் பற்றிய செய்தியில் பசுந்தேயிலை என்ற சொல்லே இல்லை.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.