தாளுக்கு முன் ஆளைப் பார்

அன்புள்ள மலருக்கு,

திங்கட்கிழமை நடுவராக (மாஜிஸ்திரேட்) பொறுப்பேற்கிறாய். அந்த வேலையில் எல்லோரும் உன்னை அவசரப்படுத்தப்போவது ரிமாண்டில்தான், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உன் உத்தரவு கேட்டு வரும்போது. இரவு பத்து மணிக்கு வாசலில் வேன் நிற்கும். ஏட்டு தாள்களை நீட்டுவார். முதலில் கைதான ஆளைப் பார்.

போலீஸாரைப் பேச்சு கேட்காத தூரத்தில் நிற்க வை. எடுத்த எடுப்பில் "அடித்தார்களா?" என்று கேட்காதே. அதே வேனில்தான் திரும்பிப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், "இல்லைம்மா" என்பார். "எப்போது கைது செய்தார்கள்?" என்பதும் வீண், அது கைதுக் குறிப்பிலேயே இருக்கும். "வீட்டிலிருந்து என்றைக்குக் கூட்டிப்போனார்கள்? ராத்திரி எங்கே படுத்தீர்கள்?" என்று கேள். செவ்வாய்க்கிழமை 'விசாரணை' என்று அழைத்துப்போய், வியாழன் மாலை கைது என்று எழுதினால், கைதானவரை நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கெடு தாளில் சரியாக இருக்கும். அடி விழுவது அந்த இடைவெளியில்.

பிறகு நடக்கச் சொல், உட்காரச் சொல். பாதத்தில் அடி வாங்கியவர் ஓரத்தை ஊன்றி நடப்பார். உள்ளங்கால் தோல் தடிப்பானது, அதனால் கன்றல் சட்டென்று வெளியே தெரியாது. லத்தி அடி தண்டவாளம்போல இரண்டு சிவப்புக் கோடும் நடுவே வெளுப்புமாகப் பதியும். மாவுக்கட்டோடு வந்தால் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்பார்கள். எக்ஸ்ரேயைக் கேள். கை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டு அருகே முறியும். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், ஓங்கிய தடியைக் கையால் தடுத்தாரா என்று சந்தேகப்படு.

மருத்துவர் 'ரிமாண்டுக்குத் தகுதி' என்று மட்டும் எழுதியிருந்தால் மறுபரிசோதனைக்கு உத்தரவிடு. காயத்தின் இடம், நீளம், நிறம் மூன்றும் வேண்டும். (எங்கள் டாக்டர்களைத் திட்டாதே, பல நேரம் ஏட்டு தோளருகே நிற்கும்போதுதான் எழுதுகிறார்கள்.) கைதானவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே உத்தரவில் பதிவு செய்.

சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்த, தேதியும் கேமராவும் குறித்து அன்றைக்கே உத்தரவு போடு. 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில் சாத்தான்குளம் நிலையத்துக்கு விசாரிக்கப் போன நடுவர் கண்டது, பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்த அமைப்பை. கேமரா இருந்தாலும் போதாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி நகை விசாரணையில் அடிபட்டு இறந்தார். உடலில் 44 காயங்கள். அடித்த இடம் ஸ்டேஷன் அல்ல.

நகை வழக்கில் இன்னும் கவனமாக இரு. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது; ஆனால் அதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 23இல் இருக்கிறது. அடிக்கத் தூண்டுவது இந்தச் சந்துதான். பறிகொடுத்தவரும் 'நாலு தட்டு தட்டுங்க சார்' என்கிறார், நம் சொந்தக்காரர்கள் உட்பட. அவர்களை நீ திருத்த முடியாது. ஆனால் இந்த நடுவர் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறார் என்ற செய்தி இரண்டே வாரத்தில் எல்லா ஸ்டேஷன் ரைட்டருக்கும் போய்விடும்.

மேசை இழுப்பறையில் ஒரு அளவுகோலும் நல்ல டார்ச்சும் வைத்துக்கொள். ராத்திரி ரிமாண்டுக்கு வாசல் விளக்கு பற்றாது.

அம்மா