லயத்துக்குக் கீழே உள்ள சதுப்பில் மண் கொட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இது தங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது மனு. முதல் இரண்டும் கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை. நுவரெலியாவில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளுக்கும் நடுவில் கிடக்கும் சதுப்பைத் தாங்கள் அறிவீர்கள், தங்கள் வாகனமும் அந்தப் பாதையால்தான் போய் வருகிறது.

1. வருடாவருடம் குளிர்காலத்துக்கு சைபீரியாப் பக்கமிருந்து ஊசிவால் உள்ளான் என்ற குருவி இங்கே வந்து ஏப்ரல் வரை தங்கும். 1990களில் நான் பாடசாலை போகும்போது சதுப்பைக் குறுக்கே கடந்தால் காலடியிலிருந்து கரகரவென்று கத்திக்கொண்டு, கோணல்மாணலாகப் பதினைந்து இருபது கிளம்பும். இந்த ஜனவரியில் மூன்று காலை நடந்தேன். இரண்டே இரண்டு. வெள்ளைக்காரத் துரைமார் துவக்கு தூக்கிய காலத்தையே தாண்டி வந்த குருவி ஐயா இது.

2. மண். இதைத்தான் முதல் மனுவிலும் எழுதினேன். உள்ளான் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அலகை அடிவரை சேற்றுக்குள் விட்டு, நுனியின் உணர்ச்சியாலேயே புழுவைக் கண்டுபிடித்து, அந்த நுனியை மட்டும் திறந்து கவ்வும். அதற்கு சேறு இளகி இருக்க வேண்டும். விடியற்காலையில் போனால் பென்சிலால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் தெரியும், என் மகளுக்கு அதைக் காட்டித்தான் குருவி வந்துவிட்டது என்று சொல்வேன். இப்போது அங்கே டிப்பரில் கொட்டிய செம்மண்ணும் கல்லும் இரண்டு அடிக்கு நிற்கிறது, பெக்கோ இயந்திரம் ஏறி ஏறி சிமெந்துத் தரை மாதிரி இறுகிவிட்டது. போன ஒக்டோபரில் ஒன்று அந்த மேட்டோரத்தில் நின்று குத்தியது, நகர்ந்து குத்தியது, மறுபடி குத்தியது. அலகு இறங்கவே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்தது இதற்கா? என்னால் பார்க்க முடியவில்லை.

3. எஞ்சிய ஓரத்துக்குப் பாத்திகளிலிருந்து பூச்சிநாசினி வழிகிறது. தோட்டம் செய்கிறவர்களும் எங்கள் ஆட்கள்தான், அவர்கள் பிழைப்பில் கைவைக்கச் சொல்லவில்லை. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் மண்ணை நிறுத்துங்கள்.

4. இரண்டாவது மனுவைக் கொடுக்க வந்தபோது தங்கள் அலுவலகத்தில் “குருவிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று கேட்டார்கள். ஆமாம் ஐயா, குருவிக்காகத்தான். வேறு யார் வருவார்கள்? முழுதும் மூடின பிறகு யார் வந்து என்ன?

தயவுசெய்து மண் கொட்டுவதை நிறுத்துங்கள். மிச்சத்துக்கு எல்லைக்கல் போடுங்கள். அந்த இரண்டு உள்ளானும் ஏப்ரல் வரைதான் இருக்கும், அதற்குள் ஒருமுறை வந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் நானே கூட்டிப்போகிறேன், முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
லயத்து வாசி