ஐந்து நாள் கணக்கு வாடிக்கையாளருக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு கடைகளில் டிஜிட்டல் வசதி பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யுபிஐ பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கல்லாவில் உட்காருகிறவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது: வாடிக்கையாளர் செலுத்திய பணம் கடைக்கு வராமல் நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்பது.

எங்கள் மளிகைக் கடையில் வேலையை நிஜமாகவே சுலபமாக்கியது, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ்தான். வெறும் கியூஆர் அட்டை இருந்த காலத்தில், பருப்பு நிறுக்கிற கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து மெசேஜ் வந்ததா என்று பார்க்க வேண்டும். மாலை நேரக் கூட்டத்தில் அது ஆகிற காரியமா? "அனுப்பிட்டேண்ணே" என்று திரையைக் காட்டுவார்கள். அது நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டா என்று யார் ஆராய்வது? இப்போது பெட்டி தமிழில் தொகையைச் சொல்லிவிடுகிறது, பொட்டலம் கட்டியபடியே காதில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள்ளேயே சிம் இருப்பதால் என் போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டுவதும் குறைந்துவிட்டது (மிட்டாய் கம்பெனிக்காரர்களுக்குத்தான் வருத்தம்).

பெட்டி வாயைத் திறக்காதபோதுதான் வம்பு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் போயிருக்கும், எங்களுக்கு வந்திருக்காது. வங்கிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சுற்றவிடுகிறார்கள். ஆப்பில் இருக்கும் சாட்பாட்டிடம் கேட்டால் கடன் வேண்டுமா என்கிறது. கடைசியில் வாக்குவாதம் எங்கள் இருவருக்குள். தெரிந்த முகமென்றால் நோட்டில் குறித்துக்கொண்டு சாமானைக் கொடுத்தனுப்புவோம். வெளியூர்க்காரர் என்றால் கட்டிய பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது: கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் இப்படி நடுவழியில் நின்றால், அன்றைய தேதியிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வரவு வைக்க வேண்டும். தனிநபருக்கு அனுப்பிய பணமென்றால் கெடு இன்னும் குறைவு, ஒரே நாள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

என் கடைக்கு வருகிறவர்களில் இது தெரிந்தவர் அபூர்வம். 'பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது' என்று காட்டும் அதே திரையில், எந்தத் தேதிக்குள் பணம் திரும்பும், தவறினால் என்ன கிடைக்கும் என்று இரண்டு வரி தமிழில் போட வங்கிகளுக்கு என்ன தடை? கூடவே, மெனுவில் சுற்றவிடாமல் நேராக ஓர் ஊழியரிடம் பேச வழி வேண்டும். ஆறாம் நாள் நான் அந்த வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அது வங்கியின் வேலை.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கும்பகோணம்